நாளுக்கு ஒரு சொல்



பத்தாண்டுகளாகத் திங்கள்தோறும் கூடிக் கவிதையின் நயங்களை ஆய்ந்துவரும் இவ்வவையில், நாள்பலனைப் பற்றிப் பேச நான் முன்வந்தது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயின் ஒன்றை எண்ணிப் பாருங்கள். தமிழகத்தின் எத்தனையோ இல்லங்களில் காலையில் முதலில் வாசிக்கப்படும் சொல் கவிஞரின் சொல் அன்று. சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியின் சொல். நல்ல நேரம், இராகுகாலம், எமகண்டம், குளிகை, சூலம் ஆகியவற்றின் கீழே பன்னிரண்டு ராசிகளும், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே ஒரு சொல்லும் இருக்கும். மேஷம், நட்பு, ரிஷபம், பொறுமை, மிதுனம், செலவு. எழுவாய் இல்லை, பயனிலை இல்லை. எஞ்சியதை வாசிப்பவரே இட்டு நிரப்பிக்கொள்ள வேண்டும்.

இச்சொல்லை எவ்வாறு வாசிப்பது என்பதே என் கேள்வி. இக்கேள்வியை எனக்குத் தந்தவர் ஒரு மாணவி.

சில ஆண்டுகளுக்கு முன் அவருக்கு ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு வேலைக்கான நேர்முகத் தேர்வு. வெள்ளியன்று 10.30 முதல் 12 வரை இராகுகாலம். முதல்நாள் என்னிடம் வந்து, "என்ன செய்யட்டும் அம்மா?" என்று கேட்டார். "உன் மனத்துக்குப் பட்டபடி செய்" என்று கூறி நான் நழுவிவிட்டேன். அவர் பன்னிரண்டு மணி வரை ஒரு கோயில் மண்டபத்தில் காத்திருந்து, பின்னரே சென்றார். அதற்குள் தேர்வு முடிந்துவிட்டது. அவருடைய நம்பிக்கையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கற்றவள் என்ற பெயரோடு இருந்தும் வாய்திறவாத என் மௌனமே இன்றளவும் என்னை உறுத்துகிறது.

அன்று நான் சொல்லியிருக்க வேண்டியவற்றை இன்று சொல்கிறேன். கதிரவன் எழுவது முதல் மறைவது வரையுள்ள பகற்பொழுதை எட்டாகப் பகுத்து, அவற்றுள் ஒரு பகுதியை இராகுகாலம் என்பர். காலை ஆறு மணிக்கு விடிந்து மாலை ஆறு மணிக்கு அடைவதாகக் கொண்டே பொதுவான நாட்காட்டிகள் நேரத்தை அச்சிடுகின்றன. சென்னையில் சனவரியில் கதிரவன் ஆறரை மணியளவில் எழுகிறான். சூன் திங்களில் ஆறு மணிக்கு முன்பே எழுந்துவிடுகிறான். ஆகவே, அச்சிட்ட நேரம் தன் கணக்கின்படியும் தோராயமானதே. அத்தோராயத்தின்மீது ஓர் இளம்பெண்ணின் வாழ்வை நிறுத்துவது தகுமா? மேலும், ஒரு ராசியில் பிறந்த இலட்சக்கணக்கானோர்க்கு ஒரே சொல் வருங்காலத்தை உரைத்தல் இயலாது. ஆனால் "பொறுமை" என்னும் அறிவுரை அத்தனை பேருக்கும் பொருந்தும். தீர்ப்பாக வாசித்தால் அச்சொல் நம்மைக் கட்டிப்போடும். அறிவுரையாக வாசித்தால் துணைநிற்கும்.

இவ்வாறு வாசிக்க எனக்குக் கற்பித்தவர் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை நிறுத்திய என் அன்னையார். 2009ஆம் ஆண்டு என் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு நாளன்று, வழக்கம்போல் தாளைக் கிழித்து, "கன்னிக்கு உறுதின்னு போட்டிருக்கு, தைரியமா போய்ட்டு வா" என்றார். அச்சொல்லைப் பற்றிக்கொண்டே அவைமுன் நின்றேன். மாலையில் திரும்பியபோது அடுக்களையில் மடித்துக் கிடந்த தாளை எடுத்துப் பார்த்தேன். கன்னிக்கு எதிரே "கலக்கம்" என்று இருந்தது. கேட்டேன். "கலக்கந்தான் உன் மொகத்துலேயே இருந்துச்சே, அதை நான் வேற வாசிக்கணுமா?" என்றார்.

இஃது அவர் புதிதாகக் கண்டதன்று. நம் முன்னோர் விரிச்சி கேட்டனர். நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டில், போர்மேற் சென்ற தலைவன் வரவு நோக்கித் தலைவி வாடுகிறாள். முதுபெண்டிர் நெல்லும் முல்லையும் தூவித் தொழுது நற்சொல்லுக்குக் காத்திருக்கின்றனர். குளிரில் நடுங்கும் ஆய்மகள் ஒருத்தி, தாய்ப்பசுவுக்காகத் தவிக்கும் கன்றிடம், உன் தாயர் இப்போதே வந்துவிடுவர் என்கிறாள். கன்றுக்குச் சொன்ன ஆறுதலைத் தலைவிக்குரிய நற்சொல்லாக அப்பெண்டிர் கொண்டுவருகின்றனர். ஆயினும் அச்சொல்லாலேயே அவள் துயர் தீர்ந்துவிடவில்லை. நெடிது நினைந்து தன்னைத் தானே தேற்றிக்கொள்கிறாள். கழலும் வளையைத் திருத்திக்கொள்கிறாள். நற்சொல் வெளியிலிருந்து வருகிறது. ஆற்றியிருத்தல் உள்ளிருந்து வரவேண்டும். இதுவே முல்லைத் திணையின் ஒழுக்கம்.

அடக்கத்துக்கு வருவோம். திங்கள் ஏறத்தாழ 27 நாளில் பன்னிரு ராசிகளையும் சுற்றி, ஒவ்வொன்றிலும் இரண்டேகால் நாள் தங்குகிறது. பிறந்த ராசிக்கு எட்டாம் ராசியில் அது நிற்கும் காலமே சந்திராட்டமம். அந்நாளில் வாக்குவாதம் வேண்டா, பேச்சில் நிதானம் தேவை என்பர். கணக்கிட்டால் ஆண்டில் ஏறக்குறைய 30 நாள் நாவைக் காக்க ஒரு நினைவூட்டல் கிடைக்கிறது. நன்றே, ஆனால் அடக்கமுடைமை என ஓர் அதிகாரமே வகுத்து நாவைக் காக்கச் சொன்ன வள்ளுவர் அதற்கென நாள் குறிக்கவில்லை.

1894ஆம் ஆண்டு உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த புறநானூற்றில் கணியர் என்னும் பெயருடைய புலவர் இருவர் உளர். காலம் கணிப்போரைக் கணியர் என்பது பண்டை வழக்கு. 192ஆம் பாட்டைத் தந்தவர் கணியன் பூங்குன்றனார். 194ஆம் பாட்டைத் தந்தவர் பக்குடுக்கை நன்கணியார். ஒருவர் பெரியோரைக் கண்டு மலைத்தலும் சிறியோரை இகழ்தலும் வேண்டா என்கிறார். மற்றவர் ஒரு மனையில் சாப்பறையும் மறுமனையில் மணமுழவும் ஒலிக்கும் உலகைக் காட்டி, அதனுள் இனியதைக் காணச் சொல்கிறார். இரு பாட்டிலும் யாருக்கும் நாள் குறித்துக் கொடுக்கவில்லை. எந்த நாளையும் தாங்கும் மனத்தையே அவர்கள் தருகின்றனர். நம் மொழி நமக்கு அளித்திருக்கும் மெய்யான நாள்பலன் இதுவே எனக் கருதுகிறேன்.

கவிஞர்களே, நாட்காட்டித் தாளை இகழாதீர்கள். ஒரு சொல்லுக்காக விடியலில் ஒரு வீடே காத்திருக்கிறது என்பதை அது நமக்கு உணர்த்துகிறது. அக்காத்திருப்புக்கு உங்கள் கவிதையும் விடைதரட்டும். இல்லந்தோறும் அச்சொல்லை வாசித்துக் காட்டும் தாய்மார்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: கேட்பவரின் முகத்தைப் பார்த்து வாசியுங்கள். இனி ஒரு மாணவி, "என்ன செய்யட்டும்?" என்று என்னிடம் கேட்டால் நான் நழுவமாட்டேன். "பதினொரு மணிக்கு முன்பே போய் அமர்ந்திரு, உன் ராசிக்கு உறுதி" என்பேன்.