லொறி வாங்கும் முன்: பெயர், வண்டி, கணக்கு

(மீள்குடியேறிய குடும்பங்களுக்கான வாழ்வாதாரத் தகவல் கூட்டத்தில் எமது தகவல் பிரிவு உத்தியோகத்தர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஜப்பானிலிருந்து வந்த பாவித்த சிறிய லொறி ஒன்றை வாங்கலாமா என்று தகவல் மேசைக்கு வருகிறவர்களில் பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நெல்லையும் மரக்கறியையும் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டும். சீமெந்தும் ஓடும் ஊருக்குள் வரவேண்டும். கூலிக்கு ஒரு வண்டி பிடித்தால் விளைச்சலில் பாதி அதற்கே போகிறது என்று நீங்கள் சொல்வதும் உண்மை. இங்கே இருப்பவர்களில் சிலர் முன்பு சொந்தமாக லொறியும் உழவு இயந்திரமும் வைத்திருந்து, இடப்பெயர்வில் அவற்றைத் தெருவிலேயே விட்டுவிட்டு வந்தவர்கள். அப்படிப்பட்ட குடும்பம் திரும்பவும் ஒரு வண்டி வாங்கும்போது அது இரண்டாம் தடவையும் பறிபோகக் கூடாது. அதற்காகத்தான் இன்றைய பேச்சு.

முதலில் இந்த வண்டிகள் ஏன் இவ்வளவு வருகின்றன என்று பார்ப்போம். ஜப்பானிலும் எங்களைப்போல வீதியின் இடப்பக்கமாக ஓடுகிறார்கள். ஸ்டியரிங் வலப்பக்கம்தான். அங்கே சரக்கு வண்டிகளுக்குக் கடுமையான அரச பரிசோதனை உண்டு. 2001 இல் பெரிய நகரங்களுக்கான வாகனப் புகைச் சட்டத்தை இறுக்கினார்கள். 2003 இல் தோக்கியோவில் பழைய டீசல் வண்டிகள் ஓடவே தடை வந்தது. நன்றாக ஓடக்கூடிய பல லொறிகள் இதனால் நகரத்தைவிட்டு வெளியேறி வெளிநாடுகளுக்கு ஏலத்தில் போயின. ஆகவே டைனா, கன்டர், எல்ஃப், ரவுண் ஏஸ் என்ற பெயர்களுக்கு இருக்கிற மதிப்பு சும்மா வந்ததல்ல. ஆனால் உங்களிடம் விலை பேசப்படுவது ஜப்பானில் நின்ற வண்டியல்ல. அங்கே பத்து வருடம் ஓடி, இங்கே இன்னும் பத்து வருடம் நாலு கை மாறிய வண்டி. பெயரைப் பார்த்துக் காசு கொடுக்காதீர்கள்.

மூன்று விடயங்களை வரிசையாகப் பாருங்கள்.

முதலாவது, பெயர். பதிவுச் சான்றிதழை, அதாவது நாங்கள் சி.ஆர். என்று சொல்வதை, வண்டிக்கு முன்னர் பாருங்கள். அதில் உள்ள பெயரும் விற்பவரின் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றா? நிதி நிறுவனம் ஒன்றின் பெயரும் அதில் இருக்கிறதா? இருந்தால் லீசிங் இன்னும் தீரவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். விற்றவர் தவணை கட்டாவிட்டால் நிறுவனத்தின் ஆட்கள் உங்கள் முற்றத்துக்கு வந்துதான் வண்டியை எடுப்பார்கள். கடன் முடிந்த கடிதம் கையில் வராமல் முற்பணம் கொடுக்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கட்டணம் செலுத்திப் பதிவேட்டுப் பிரதி எடுக்கலாம்.

"ஓப்பன் பேப்பரில் தாறன், பிறகு மாத்தலாம்" என்று தரகர் சொல்வார். விற்பவர் கையெழுத்து மட்டும் வைத்து, வாங்குபவர் பெயர் எழுதாத படிவத்துக்குத்தான் அந்தப் பெயர். சட்டப்படி வாங்கி 14 நாட்களுக்குள் உரிமை மாற்றத்துக்குக் கொடுக்க வேண்டும். பிறகு என்று விட்டால், விற்றவர் வெளிநாடு போய்விடுவார், அல்லது இறந்துவிடுவார். அதன்பின் அந்த வண்டியை நீங்கள் விற்கவும் முடியாது, அடகு வைக்கவும் முடியாது.

பெயர் விடயத்தில் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். காசு உங்களுடையதாக இருக்கும். நகை விற்ற காசாக இருக்கும், அண்ணன் கனடாவிலிருந்து அனுப்பியதாக இருக்கும். ஓடப்போவது மருமகனோ தம்பியோ என்பதால் அவர் பெயரிலேயே எழுதிவிடுவோம் என்று சொல்வார்கள். ஓடுவதற்குச் சாரதி அனுமதிப்பத்திரம் வேண்டும். உரிமையாளராக இருப்பதற்கு அது தேவையில்லை. வண்டியை உங்கள் பெயரில் பதியுங்கள். இதனால் ஒருவரும் கோபிக்கத் தேவையில்லை, உறவும் கெடாது. பின்னால் பிணக்கு வந்தால்தான் கெடும்.

இரண்டாவது, வண்டி. நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு பகலில் போங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலி வீண்செலவல்ல.

சேசியில் குத்தியிருக்கும் இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் சி.ஆர். உடன் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். இலக்கத்தைச் சுற்றி உரஞ்சிய அடையாளமோ புதிய வெல்டிங்கோ இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். வெட்டி உதிரிப்பாகமாகக் கொண்டுவந்து இங்கே ஒட்டிய வண்டிகளும் சந்தையில் உண்டு. அடுத்து வண்டிக்குக் கீழே படுத்துப் பாருங்கள். ஜப்பானின் வடக்கில் பனிக்காலத்தில் வீதிக்கு உப்புப் போடுவார்கள். எங்கள் கரையோரத்தில் மீன் ஏற்றிய லொறிகளிலும் உப்புத் தண்ணீர் வடியும். இரண்டுமே சேசியைத் தின்னும். மேலே புதுப் பெயின்ற் அடித்திருந்தால் கீழே இன்னும் கவனமாகப் பாருங்கள்.

எஞ்சினை நீங்கள் வரும்வரை இயக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். குளிர்ந்த எஞ்சின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்பதில்தான் விடயம் இருக்கிறது. நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஒயில் எரிகிறது. ஒயில் பால்தேநீர் நிறத்தில் இருந்தால் அதற்குள் தண்ணீர் கலந்திருக்கிறது. ரொயோட்டாவின் 3எல், 5எல் டீசல் எஞ்சின்களில் ரைமிங் பெல்ற் உண்டு. அதை ஏறத்தாழ ஒரு இலட்சம் கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாற்றிய சான்று இல்லாவிட்டால் மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்துப் பேசுங்கள். அது ஓட்டத்தில் அறுந்தால் எஞ்சினே போகும். கிலோமீற்றர் மானியை நம்பாதீர்கள். கிளச் மிதியின் றப்பர் வழவழவென்று தேய்ந்திருக்க, மானி மட்டும் எண்பதாயிரம் காட்டினால் எது உண்மை என்று உங்களுக்கே தெரியும்.

மூன்றாவது, கணக்கு. ஒரு எடுத்துக்காட்டு சொல்கிறேன், உங்கள் தொகைகளை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். மாதத் தவணை 25,000 ரூபா. காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனை ஆகியவற்றை மாதத்துக்குப் பிரித்தால் 3,000. ரயர், திருத்தவேலைக்கு ஒதுக்குவது 7,000. மொத்தம் 35,000. ஒரு சுமை ஏற்றி இறக்கி, டீசலும் உதவியாளின் கூலியும் போக 1,750 ரூபா மிஞ்சுகிறது என்று வைப்போம். அப்படியானால் மாதத்தின் முதல் இருபது சுமையும் வண்டிக்குத்தான். இருபத்தோராவது சுமையிலிருந்துதான் வீட்டுக்கு. உங்கள் ஊரில் மாதம் இருபத்தோரு சுமை இருக்கிறதா? அறுவடைக் காலத்தில் இருக்கும். மாரியில் வெள்ளம் வந்து பாதை மூடினால் இருக்குமா? தவணைக்கு மாரியும் கோடையும் ஒன்றுதான்.

கூடுதலாக ஏற்றிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். பல ஜப்பான் லொறிகளின் பின்பக்கத்தில் ஏற்றக்கூடிய நிறை கிலோவில் எழுதியிருக்கும். 1500 என்றால் சீமெந்து 30 பைகள், அவ்வளவுதான். ஒரு கியூப் மணல் 4 தொன்னுக்கு மேல். சிறிய லொறியில் அதை ஏற்றினால் வில்லுத்தகடும் பிரேக்கும் முதலில் போகும். மணலுக்கும் மரத்துக்கும் அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஓடினால் வண்டியே பொலிஸ் நிலையத்தில் நிற்கும், வழக்கு முடியும்வரை. அப்போதும் தவணை ஓடும்.

வீட்டுத்திட்டக் காசில் ஒரு சதமும் லொறிக்குத் திருப்ப வேண்டாம். இந்திய வீட்டுத்திட்டத்தின் 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாவும் கட்டம் கட்டமாகத்தான் வந்தது. ஒரு கட்ட வேலை முடிந்தால்தான் அடுத்த கட்டக் காசு. அத்திவாரக் காசை வண்டிக்குப் போட்டால் சுவர்க் காசு வராது. பிள்ளைகள் இன்னொரு மாரியையும் தறப்பாளுக்குள் கழிக்க வேண்டிவரும்.

கணக்குச் சரிவராத குடும்பம் ஆசையை விடத் தேவையில்லை. நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு வண்டியை மாத வாடகைக்குப் பேசலாம். கமக்காரர் அமைப்போ கூட்டுறவுச் சங்கமோ ஊடாக ஒரு வண்டி எடுக்கலாம். அப்போது யார் எவ்வளவு போட்டார், திருத்தவேலைக் காசு எங்கே இருக்கும், ஒருவர் விலகினால் என்ன என்பதை எழுதி எல்லோரும் கையெழுத்து வையுங்கள்.

வண்டி வந்த பிறகும் ஒரு எச்சரிக்கை. லொறி இருக்கிறதென்று குறுக்குப் பாதையால் விறகுக்கோ கிரவலுக்கோ இறங்காதீர்கள். சிவப்பு மிதிவெடிப் பலகை உள்ள இடங்கள் மட்டுமல்ல, துப்புரவு செய்து கையளிக்கப்படாத எந்தக் காணியும் ஆபத்தானதே. ஆட்கள் நடந்துபோன இடம் பாரமான வண்டிக்கும் பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம். பாவனையில் உள்ள பாதையிலேயே ஓடுங்கள்.

முற்பணம் கொடுப்பதற்கு முன் சி.ஆர். பிரதியையும் உங்கள் மாதக் கணக்கையும் எங்கள் தகவல் மேசைக்குக் கொண்டுவாருங்கள். எந்த வண்டியை வாங்க வேண்டும் என்று நாங்கள் சொல்லமாட்டோம். கூட இருந்து வாசித்துப் பார்ப்போம். அவசரப்படுத்துகிறவர் விற்பவர்தான். உங்களுக்கு அவசரமில்லை.