வளர்ந்தால் சரியாகிவிடுமா?



"பிள்ளை இன்னும் எழுத்துக்கூட்டவே திணறுகிறது" என்று ஆசிரியர் சொன்னால், "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்கிறார்கள் பெற்றோர். அமெரிக்க ஆய்வாளர் கோனி ஜுவல் 1988இல் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. அவர் கவனித்துவந்த 54 பிள்ளைகளில், முதலாம் வகுப்பு முடிவில் வாசிப்பில் பின்தங்கியவர்கள் நான்காம் வகுப்பு முடிவிலும் பின்தங்கியிருக்கும் சாத்தியம் 88 விழுக்காடு.

வாசிக்கத் திணறும் பிள்ளை புத்தகத்தைத் தவிர்க்கிறது, சொல்வளம் குறைகிறது, கணக்கில் கேள்வியே புரிவதில்லை. கேலிக்குப் பயந்து குறும்பு செய்து, 'சோம்பேறி' என்ற பெயரும் வாங்குகிறது.

சிங்கப்பூரில் 1992 முதல், ஆங்கில வாசிப்பில் தடுமாறும் பிள்ளைகளைத் தொடக்கநிலை ஒன்றிலேயே கண்டறிந்து சிறு குழுக்களாகக் கற்பிக்கிறார்கள்.

பெற்றோரே, இன்றிரவு தொலைக்காட்சியை அடைத்துவிட்டு, பிள்ளையோடு ஒரு பக்கம் வாய்விட்டு வாசியுங்கள். தடுமாறினால் திட்டாதீர்கள், நாளையே ஆசிரியரைப் பாருங்கள்.