தொழில்நெறியில் வழக்கறிஞருக்குத் துணை – சட்டக் கல்லூரிப் பட்டமளிப்பு விழா உரை

வழக்கறிஞர் தொழிலில் நேரும் தவறுகள் எல்லாமே திட்டமிட்ட மோசடிகள் அல்ல. மேல்முறையீட்டுக் கெடு தவறிப்போவது, கட்சிக்காரரின் கேள்விக்கு மாதக்கணக்கில் பதில் சொல்லாதது, ஒருவர் பணம் இன்னொருவர் பணத்தோடு கலந்துவிடுவது, முன்பு ஆஜரான கட்சிக்காரருக்கு எதிராகவே வக்காலத்து தாக்கல் செய்வது என்று பலவும் அன்றாட வேலை நெருக்கடியின் நடுவே நிகழ்கின்றன. ஒழுங்கு நடவடிக்கை இவற்றுக்குப் பின்னால் வரும், தண்டிக்கும். அதற்குள் கட்சிக்காரரின் வழக்கு போயிருக்கும். தவறு நேருமுன்னே வழக்கறிஞர் பக்கத்தில் நிற்பதற்கென்று வழக்கறிஞர் அமைப்புகள் நடத்தும் ஏற்பாடுதான் தொழில்நெறிக் கல்வியும் துணையும் சேர்ந்த திட்டம். அது விரிவாக வளர்ந்திருப்பது அமெரிக்க மாநிலங்களில். அவற்றுள் கலிபோர்னியாவின் அனுபவம், அதன் வெற்றியும் தோல்வியும் சேர்த்து, கூர்ந்து பார்க்கத் தக்கது.

அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 1908-லேயே நெறிக்கோட்பாடுகளை வெளியிட்டது. ஆனாலும் சட்டக் கல்லூரிகளில் அந்தப் பாடத்துக்கு நெடுங்காலம் தனி மரியாதை இருக்கவில்லை. அதை மாற்றியது வாட்டர்கேட் ஊழல். 1973-இல் செனட் விசாரணையில், வெள்ளை மாளிகையின் சட்ட ஆலோசகராக இருந்த ஜான் டீன் குற்றத்தில் தொடர்புடையோர் என்று ஒரு பட்டியலைத் தந்தார். அதில் சில பெயர்களுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தது. குறியிடப்பட்டவர்கள் எல்லாரும் வழக்கறிஞர்கள். டீனும் வழக்கறிஞர்தான். அதையடுத்து, அங்கீகாரம் பெற்ற சட்டக் கல்லூரிகள் தொழில்நெறியைக் கட்டாயமாகக் கற்பிக்க வேண்டும் என்று சங்கம் 1974-இல் விதித்தது. 1980-இல் தொழில்நெறிக்கென்றே தனித் தேர்வு வந்தது. 1983-இல் மாதிரி விதிகள் ஏற்கப்பட்டன. அவற்றைத் தழுவித்தான் மாநிலங்கள் இன்று தங்கள் விதிகளை வைத்திருக்கின்றன.

பட்டம் பெற்ற பிறகும் படிக்க வேண்டும் என்ற கட்டாயம் 1975-இல் மின்னசோட்டாவில் தொடங்கி மற்ற மாநிலங்களுக்கும் பரவியது. கலிபோர்னிய வழக்கறிஞர் மூன்று ஆண்டுகளில் 25 மணி நேரம் தொடர்கல்வி பெற வேண்டும். அதில் குறைந்தது 4 மணி நேரம் தொழில்நெறிக்கு. இந்த மணிநேரக் கணக்கு திட்டத்தின் மிகத் தெளிவாகத் தெரியும் பகுதி. அதன் வலுக் குறைந்த பகுதியும் இதுவே. இருக்கையில் உட்கார்ந்திருந்ததை வருகைப் பதிவு நிரூபிக்கும், கேட்டதை நிரூபிக்காது. விதியை வரிக்கு வரி வாசித்துக் காட்டும் வகுப்பைவிட, தீர்ப்பாகிவிட்ட ஒரு வழக்கை எடுத்துக்கொண்டு 'இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்' என்று கேட்கும் வகுப்பு மனத்தில் நிற்கும். திட்டத்தை நடத்துவோர் பாடம் தயாரிக்கும்போது முதலில் தேட வேண்டியது அத்தகைய வழக்குகளைத்தான்.

திட்டத்தின் உயிர்நாடி உதவித் தொலைபேசி. கலிபோர்னியாவில் வழக்கறிஞர் தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஸ்டேட் பார், வழக்கறிஞர்களுக்கு மட்டுமாக இத்தகைய எண் ஒன்றை நடத்துகிறது. அழைப்பை எடுப்பவர் 'இப்படிச் செய்யுங்கள்' என்று ஆலோசனை சொல்வதில்லை; தொடர்புடைய விதி எது, தீர்ப்பு எது, நெறிக்குழுவின் கருத்துரை எது என்று எடுத்துக்காட்டுவார். முடிவெடுப்பது அழைத்தவரின் பொறுப்பு.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் தம் கட்சிக்காரருக்கு எழுதிய மின்னஞ்சல் தவறுதலாக ஒரு ஜூனியரின் பெட்டியில் வந்து விழுகிறது என்று கொள்ளலாம். முதல் இரண்டு வரியிலேயே அது இரகசிய ஆலோசனை என்று புரிந்துவிடுகிறது. மேலே படிக்கலாமா? சீனியரிடம் காட்டலாமா? படித்தால் தம் கட்சிக்காரருக்கு இலாபம்தானே? உதவி எண்ணில் அவருக்குக் கிடைப்பது இரண்டு. ஒன்று, கலிபோர்னியாவின் விதி 4.4: இரகசிய ஆவணம் தவறுதலாக வந்ததென்று தெரிந்த கணமே, அதை உறுதிப்படுத்தத் தேவையானதற்கு மேல் படிக்கக் கூடாது, அனுப்பியவருக்கு உடனே தெரிவிக்க வேண்டும். மற்றொன்று, ரிக்கோ எதிர் மிட்சுபிஷி வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் 2007-இல் தந்த தீர்ப்பு. அந்த வழக்கில் எதிர்த்தரப்பின் குறிப்புகள் கைக்கு வந்த வழக்கறிஞர் அவற்றைப் படித்துப் பயன்படுத்தினார். அவரும் அவருடைய நிபுணர் சாட்சிகளும் வழக்கிலிருந்தே விலக்கப்பட்டார்கள். இலாபமாகத் தெரிந்தது கட்சிக்காரருக்கு நட்டமாக முடிந்தது. இவ்வளவையும் சொல்ல ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.

அந்த அழைப்பு வர வேண்டுமானால் நம்பிக்கை வேண்டும். கேட்டவரின் கேள்வி ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவின் கோப்புக்குப் போகும் என்ற சந்தேகம் எழுந்த நாளிலிருந்து யாரும் அழைக்க மாட்டார்கள். ஆகவே உதவிப் பிரிவுக்கும் விசாரணைப் பிரிவுக்கும் இடையே கதவில்லாத சுவர் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே நிறுவனத்தின் கூரைக்குக் கீழ் இருப்பதால் இந்தச் சுவரைக் காப்பதே நிர்வாகியின் தலையாய வேலை. கட்சிக்காரரின் பெயரைச் சொல்லாமலே கேட்கும் முறை, பொதுவில் வைக்காத பதிவேடு, ஊழியர்களுக்கு இரகசியக் காப்புப் பயிற்சி ஆகியவை இதற்கான கருவிகள். விதிகளும் கைகொடுக்கின்றன: தாம் விதிப்படிதான் நடக்கிறோமா என்று ஆலோசனை கேட்கத் தேவையான அளவுக்கு ஒரு வழக்கறிஞர் கட்சிக்காரர் விவரத்தை வெளியிடலாம் என்று மாதிரி விதி 1.6 அனுமதிக்கிறது. பெயர் நீக்கிய கேள்விகளைத் தலைப்புவாரியாகத் தொகுத்தால் இன்னொரு பயனும் உண்டு. எந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறதோ, அடுத்த வகுப்பும் அடுத்த கருத்துரையும் அதைப் பற்றியே அமையலாம்.

அப்படித் திரும்ப வரும் பொருள்களில் ஒன்று பணம். கட்சிக்காரருக்கு உரிய பணத்தைத் தம் சொந்தக் கணக்கோடு கலக்காமல் தனி நம்பிக்கைக் கணக்கில் வைக்க வேண்டும் என்பது எல்லாரும் அறிந்த விதி. தடுமாற்றம் அதன் நடைமுறையில்தான். இழப்பீடாக 50,000 டாலருக்குச் செக் வருகிறது. வழக்கறிஞர் அதைக் கணக்கில் போட்டு, கட்சிக்காரரின் அவசரத்துக்காக அன்றே அவர் பங்குக்குச் செக் எழுதிக் கொடுக்கிறார். வந்த செக் இன்னும் மாறவில்லை. ஆக, கொடுத்த பணம் அதே கணக்கில் கிடக்கும் வேறொரு கட்சிக்காரரின் பணம். நல்லெண்ணத்தோடு செய்ததும் விதிமீறலே. கணக்கில் போதிய தொகை இல்லாமல் செக் திரும்பினால் கலிபோர்னியாவில் வங்கியே ஸ்டேட் பாருக்கு அறிவித்துவிடும். வங்கி அறிக்கை, கணக்கின் நாட்குறிப்பு, ஒவ்வொரு கட்சிக்காரருக்குமான பேரேடு ஆகிய மூன்றின் இருப்பும் மாதந்தோறும் ஒத்துப்போகிறதா என்று சரிபார்ப்பதை வகுப்பில் தாளும் பேனாவுமாகச் செய்து பழக்க வேண்டும். நெறி தவறியவர்களை அனுப்பும் நம்பிக்கைக் கணக்குப் பள்ளி ஒன்றை ஸ்டேட் பார் நடத்துகிறது. அந்தப் பாடம் தொழிலின் முதல் மாதத்திலேயே எல்லாருக்கும் கிடைப்பதுதான் முறை.

கல்வியும் துணையும் மட்டும் போதாது என்பதற்குச் சாட்சி தாமஸ் ஜிரார்டி. மக்களுக்காக வாதாடி நாடறிந்த லாஸ் ஏஞ்சலிஸ் வழக்கறிஞர் அவர். 2018-இல் 189 பேரோடு ஜாவா கடலில் விழுந்த லயன் ஏர் விமானத்தில் உறவுகளை இழந்த குடும்பங்களுக்குச் சேர வேண்டிய இழப்பீடு அவரிடமிருந்து போய்ச் சேரவில்லை. 2020 டிசம்பரில் சிகாகோவின் மத்திய நீதிபதி ஒருவர் அவர் சொத்துகளை முடக்கினார். 2022-இல் அவர் பதிவு நீக்கப்பட்டது. 2024-இல் நடுவர் குழு அவரை மோசடிக் குற்றவாளி என்று தீர்த்தது. இடைப்பட்ட காலத்தில் ஸ்டேட் பார் ஒப்புக்கொண்ட செய்தி இன்னும் கொடியது: சுமார் நாற்பது ஆண்டுகளில் அவர் மீது 205 புகார்கள் பதிவாகியிருந்தன. கணவனையும் பிள்ளையையும் இழந்தவர்களின் பணத்தைக் காக்க ஒரு முழு அமைப்பும் தவறிவிட்டது. அதன் பின்னரே 2023 முதல் வழக்கறிஞர்கள் தங்கள் நம்பிக்கைக் கணக்குகளை ஆண்டுதோறும் பதிவு செய்து, சுயமதிப்பீடு நிரப்பி, விதிப்படி நடப்பதாக உறுதி தரும் முறை வந்தது. சக வழக்கறிஞரின் கடும் தவறு தெரிந்தால் அறிவிக்க வேண்டும் என்ற விதி 8.3-உம் அதே ஆண்டு ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. மற்ற மாநிலங்கள் பல அதை முன்பே ஏற்றிருந்தன.

நெறி தவறுவதன் பின்னால் சில சமயம் நோயும் இருக்கிறது. 2016-இல் வெளியான ஆய்வொன்று ஏறத்தாழ 12,800 அமெரிக்க வழக்கறிஞர்களிடம் நடத்தப்பட்டது. ஐந்தில் ஒருவருக்குக் குடி சிக்கலான நிலையில் இருந்தது, 28 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் தென்பட்டன. கெடு தவறியதற்கும் தொலைபேசியை எடுக்காததற்கும் அலட்சியம் மட்டுமே காரணமல்ல என்பது இதிலிருந்து தெரியும். கலிபோர்னியாவில் 2001-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான வழக்கறிஞர் உதவித் திட்டம் இத்தகையோருக்கு இரகசியமாகத் துணை செய்கிறது. அங்கே தெரியவரும் செய்திக்கு அறிவிக்கும் கடமை பொருந்தாது என்று மாதிரி விதி 8.3 தானே விலக்கும் தருகிறது. முன்பு சொன்ன சுவர் இங்கும் வேண்டும்.

திட்டத்தின் பாடம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது. 2023-இல் நியூயார்க்கில் மாட்டா எதிர் ஏவியாங்கா வழக்கில், சாட்ஜிபிடி கற்பனையாகத் தந்த தீர்ப்புகளைச் சரிபார்க்காமல் மனுவில் காட்டியதற்காக 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. மறு ஆண்டே அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் செயற்கை நுண்ணறிவு பற்றிக் கருத்துரை வெளியிட்டது.

இந்தியாவில் இதற்கான அடித்தளம் இருக்கிறது. 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம் நடத்தை நெறிகளை வகுக்கும் பொறுப்பை இந்திய பார் கவுன்சிலிடம் தந்தது. அதன் விதிகள் கட்சிக்காரர் பணத்துக்குக் கணக்கு வைக்கச் சொல்கின்றன. தொழில்நெறியும் கணக்குமுறையும் சட்டப் படிப்பில் கட்டாயப் பாடம். அகில இந்திய பார் தேர்விலும் அதில் கேள்வி உண்டு. சட்டத்தின் 35-ஆம் பிரிவு கண்டிக்கவும், இடைநீக்கவும், பெயரை நீக்கவும் அதிகாரம் தருகிறது. கல்வி ஒரு முனையில், தண்டனை மறு முனையில். நடுவே, பதிவு பெற்ற வழக்கறிஞர் சந்தேகம் வந்த அன்றே கேட்டுத் தெளிவதற்கான இடம் பெரும்பாலும் சீனியரின் அறைதான். நல்ல சீனியர் வாய்த்தவருக்கு அது போதும். மாவட்ட நீதிமன்றத்தில் துணையின்றித் தனியே தொழில் தொடங்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்குப் போதாது. மாநில பார் கவுன்சில்கள் இதற்குப் பெருஞ்செலவு செய்ய வேண்டியதில்லை: விசாரணைக் குழுவோடு தொடர்பில்லாத இரண்டு மூன்று அனுபவசாலிகள், ஒரு தொலைபேசி எண், விதிகளும் ஒழுங்குமுறைத் தீர்ப்புகளும் தமிழில் தலைப்புவாரியாகத் தொகுத்த கோப்பு, புதிதாகப் பதிவு செய்வோருக்குக் கணக்கு எழுதும் ஒரு நாள் பயிற்சி ஆகியவற்றோடு தொடங்கிவிடலாம்.