சக்கரத்தில் இறுகிய வால்வு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது நம் சங்கத்தின் மரபு. இம்முறை தொழில் நுட்பம் பற்றியும் ஓர் உரை வேண்டும் என்று செயற்குழுவினர் பணித்தனர். நம் காலனியில் இன்று வண்டியில்லாத வீடு அரிது. ஆதலின், அவ்வண்டியின் சக்கரத்தில் விரல் அளவே உள்ள ஓர் உறுப்பைப் பற்றிப் பேச எடுத்துக்கொண்டோம். தேரின் சிறிய அச்சாணியைச் சுட்டிக்காட்டி, தோற்றத்தைக் கண்டு எவரையும் இகழலாகாது என்று அறிவுறுத்தினார் வள்ளுவர். இக்காலத் தேருக்கு அத்தகைய அச்சாணியாய் விளங்குவது டயரின் வால்வு.

பெல்பாஸ்டு நகரில் கால்நடை மருத்துவராய் இருந்த ஜான் பாய்ட் டன்லப், 1888-ஆம் ஆண்டில் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். டயரில் காற்றை அடைத்தால் போதுமா? அது வெளியேறாமல் காக்கவும், வேண்டும்பொழுது மீண்டும் அடைக்கவும் வழி வேண்டுமன்றோ? அவ்வழியை அமைத்துத் தந்தவர் நியூயார்க்கில் தொழில் நடத்திய ஆகஸ்டு ஷ்ரேடர். 1893-இல் காப்புரிமை பெற்ற, அவர் பெயர் தாங்கிய வால்வே, இன்றும் உலகெங்கும் கார்ச் சக்கரங்களில் உள்ளது. ஒரு குழல், அதனுள் மரையிட்டுப் பொருத்திய ஓர் ஊசி, ஊசியை மூடிய நிலையில் நிறுத்த ஒரு சுருள்வில், மேலே ஒரு மூடி. அமைப்பு இவ்வளவே.

சாதாரணக் கார்களில் இக்குழல் பெரும்பாலும் ரப்பரால் ஆனது. ஸ்போர்ட்ஸ் கார் என்னும் வேகக் கார்களிலோ உலோகக் குழலையே பொருத்துகின்றனர். காரணம் யாது? மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஓடுவதாகக் கொள்வோம். டயரின் ஆரம் 33 செ.மீ.; வால்வு சக்கர மையத்திலிருந்து 20 செ.மீ. தொலைவில் உள்ளது. அந்நிலையில், வால்வின் ஒவ்வொரு கிராம் எடையும் ஏறத்தாழ 470 கிராம் எடைபோல் வெளிநோக்கி இழுக்கப்படுகிறது. ரப்பர்க் குழல் அவ்விழுப்புக்கு வளைந்துகொடுக்கும். அது மட்டுமன்று. எத்திசையில் ஊசியை அழுத்தினால் காற்று வெளியேறுமோ, அத்திசையிலேயே இவ்விசையும் ஊசியைத் தள்ளுகிறது. அப்பொழுது காற்றைக் காக்கும் இரண்டாவது கதவு, நாம் பொருட்படுத்தாத அந்தச் சிறு மூடிதான்.

1986-இல் வெளிவந்த போர்ஷ 959 என்னும் வேகக் காரில், காற்றழுத்தம் குறைந்தால் ஓட்டுநருக்கு அறிவிக்கும் மின்கருவியை அமைத்தனர். பின்னர் அமெரிக்காவில் 2007 முதலும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 முதலும், புதிய கார்கள் அனைத்திலும் அத்தகைய ஏற்பாடு இருக்கவேண்டும் என்று சட்டம் வகுத்தனர். அக்கருவியைச் சக்கரத்தினுள்ளே தாங்கி நிற்பது பல கார்களில் அலுமினியக் குழலே. இன்று நம் தெருக்களில் ஓடும் கார்கள் சிலவற்றிலும் அதனைக் காணலாம். தொல்லை தொடங்குவதும் இங்கேதான்.

அலுமினியமும் பித்தளையும் ஈரத்தில் இணைந்திருக்க ஒவ்வாத உலோகங்கள். இரண்டும் தொட்டுக்கொண்டிருக்க, இடையே உப்பு நீர் புகுந்தால், அவ்விடம் ஒரு சிறு மின்கலமாகிவிடுகிறது. அலுமினியம் அரிக்கப்பட்டு வெண்பொடியாகிறது. அப்பொடி தான் பிறந்த உலோகத்தைவிட மிகுந்த இடத்தை அடைப்பதால், மரையின் இடுக்குகளில் நிறைந்து, இரு பகுதிகளையும் ஒன்றாய் இறுக்கிவிடுகிறது. பித்தளை மூடியும் பித்தளை ஊசியும் அலுமினியக் குழலில் அசையாமல் பிடித்துக்கொள்வது இதனாலேயே. கடற்காற்று வீசும் நகரங்களில் இது இன்னும் விரைந்து நிகழும்.

இது புதிதாய்க் கண்ட நோயன்று. 1761-இல் பிரிட்டிஷ் கடற்படையினர் ‘அலாரம்’ என்னும் கப்பலின் அடிப்பகுதிக்குச் செப்புத் தகடு வேய்ந்து, அதனை இரும்பு ஆணிகளால் பிணைத்தனர். ஈராண்டுகளுக்குப் பின் பார்த்தபொழுது ஆணிகள் பல அரித்துப்போயிருந்தன. ஆனால், செம்புக்கும் இரும்புக்கும் இடையே பழுப்புக் காகிதம் தங்கியிருந்த இடங்களில் ஆணி கெடவில்லை! ஒவ்வாத இரண்டினிடையே ஒரு தடுப்பு வேண்டும் என்பதே அக்காகிதம் புகட்டிய பாடம்.

இனி, இறுகிய வால்வை எவ்வாறு அகற்றுவது? முதலில் காரை ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான தாங்கியின்மேல் நிறுத்தவேண்டும். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணியவேண்டும். மூடி இறுகியிருந்தால், மரையில் ஊடுருவும் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாய் விட்டு, பொறுமையுடன் ஊறவிடவேண்டும். வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி இளஞ்சூடு கொடுக்கலாம். பின், ஒரு குறட்டால் குழலை அசையாமல் பற்றிக்கொண்டு, மற்றொரு குறட்டால் மூடியை மட்டும் திருகவேண்டும். குழலைப் பற்றாமல் திருகினால் குழலே முறியும். அப்படியும் வராத மூடியை, அனுபவமுள்ள தொழிலாளி மரையைத் தொடாதபடி பக்கவாட்டில் கீறிப் பிளந்து எடுப்பார். அது வீட்டில் செய்யத்தக்க வேலையன்று.

மூடி வந்தபின், ஊசியை அழுத்திக் காற்று முழுவதையும் வெளியேற்றவேண்டும். காற்று இருக்கும்பொழுது ஊசியைக் கழற்றினால் அது துப்பாக்கிக் குண்டுபோல் பாயும். எதிரே முகத்தை வைத்தலாகாது. காற்று போனபின்னும் ஊசி அசையாவிட்டால், அதனுடன் மல்லுக்கு நிற்பதில் பயனில்லை. டயரை ரிம்மிலிருந்து விலக்கி, குழல் முழுவதையும் மாற்றுவதே முறை. வெளியே உள்ள நட்டும் இறுகியிருந்தால், அதனைப் பிளந்தெடுத்து, குழலை உட்புறமாய்த் தள்ளி எடுப்பர். அப்பொழுது சக்கரத்தின் துளையில் ஒரு கீறலும் விழலாகாது. கீறிய துளையில் புது வால்வும் காற்றைக் காக்காது. புதியதைப் பொருத்தும்பொழுது ரப்பர் வளையமும் நட்டும் புதியனவாகவே இருத்தல் வேண்டும். நட்டை உற்பத்தியாளர் குறித்த அளவுக்கே முறுக்கவேண்டும்.

ஒன்றை மட்டும் எவரும் செய்யலாகாது. டயர் மாட்டியிருக்கும் சக்கரத்தில் கேஸ் விளக்கின் தீச்சுடரைக் காட்டலாகாது. உள்ளே ரப்பர் வெந்து வாயுவாகி, டயர் வெடித்து உயிரையே குடிக்கும். காற்றை இறக்கிவிட்டோமே என்பது அதற்குக் காப்பாகாது.

நண்பர்களே! வால்வு இறுகினால் நாம் செல்லும் இடம் சாலையோரத்துப் பஞ்சர் கடை. அங்கே வேலை செய்வோர் பலர் வயதில் இளையோர், கண்ணாடி அணியாதவர், நாளெல்லாம் குனிந்தே உழைப்பவர். வண்டியிலேயே அமர்ந்து ஒலிப்பானை அழுத்தி, “சீக்கிரம் ஆகட்டும், அப்பா! நேரமாகிறது” என்று நாம் விரட்டினால், எண்ணெய் ஊறவேண்டிய நேரத்தை அவர் முரட்டுக் கைவலியால் ஈடுசெய்ய முயல்வார். குழல் முறியும், ஊசி பாயும். நாம் மிச்சப்படுத்தும் அந்தக் கால்மணி நேரத்துக்கு அவர் தம் கண்ணையே விலையாய்த் தர நேரலாம். நம் வண்டிக்காக அவ்விலையைப் பிறர் கொடுக்க விடலாகாது. நம் பெட்டியில் ஒரு காப்புக் கண்ணாடியை வைத்திருந்து, வேலை தொடங்குமுன் அவரிடம் அன்புடன் நீட்டுவோமாக.

வருமுன் காப்பதோ மிக எளிது. பித்தளைப் பாத்திரத்திற்கு ஈயம் பூசிப் புழங்கிய வீடுகள் நம்முடையவை. அலுமினியக் குழலுக்கும் நிக்கல் பூசிய ஊசியே ஏற்றது. பளபளக்கும் உலோக மூடியை விலக்கி, உள்ளே ரப்பர் வளையம் உள்ள பிளாஸ்டிக் மூடியை இடுக. செப்புத் துகள் கலந்த பசையைத் தடவாதீர். மாதம் ஒருமுறை காற்றின் அளவைப் பார்க்கும்பொழுது மூடி கழன்று வருகிறதா என்று தெரிந்துவிடும். நாள்தோறும் திறக்கும் பூட்டு துருப்பிடித்து நிற்பதில்லை.

இல்லத்தரசியரும் மாணவரும் இதனைக் கற்றுக்கொள்ளவேண்டும் என்பது நம் வேண்டுகோள். வரும் ஞாயிறன்று நம் வீட்டு வண்டிகளின் மூடிகளை ஒருமுறை கழற்றிப் பார்ப்போம். இறுகியது ஏதேனும் இருப்பின், அதற்குரிய எண்ணெயையும் நேரத்தையும் கொடுப்போம்.