கடனாகப் பெறும் அமைதி
மின்னணு சிகரெட்டும் இளைஞரின் மனப்பதற்றமும்

(பொன்முடியில் மாணவர்களும் அலுவலர்களும் கூடிய பயிற்சி முகாமில் நிகழ்த்தப்பெற்ற உரை)

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுர, கல்லார் வழியாகப் பொன்முடிக்கு வரும் சாலை, இறுதிப் பகுதியில் 22 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தை அடைகிறது. பேருந்து வந்து நிற்கும் மேல்முனைக்கு 'அப்பர் சானடோரியம்' என்பது பெயர். மலைக்காற்றை நாடிச் சென்று உடல் தேற்றிக்கொண்ட ஒரு காலத்தை அப்பெயர் நினைவூட்டுகிறது. இன்று இங்கு வருவோரில் பலர் இளைஞர்கள். நல்ல காற்றுக்காக ஏறிவரும் இவ்விடத்தில், சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு குழலை எடுத்துச் செயற்கை ஆவியை உள்ளிழுக்கும் இளைஞனை எண்ணிப் பார்த்தால், இன்றைய சிக்கல் முழுவதும் கண்முன் நிற்கும். ஏன் இப்பழக்கம் என்று வினவினால், "மனப்பதற்றம் குறைகிறது" என்பதே பெரும்பாலும் விடையாக வரும். அந்த விடையைப் பொய்யென்று தள்ளிவிட இயலாது. அதனை அப்படியே ஏற்கவும் இயலாது. அதை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

குழலின் உள்ளே இருப்பது

வேப் என்று இளைஞர் வழங்கும் மின்னணு சிகரெட்டின் இன்றைய வடிவத்தை 2003ஆம் ஆண்டில் உருவாக்கியவர் சீன நாட்டு மருந்தாளர் ஹோன் லிக். சிறு மின்கலம் ஒன்று கம்பிச் சுருளைச் சூடாக்குகிறது. புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், மணமூட்டிகள், நிக்கோட்டின் ஆகியவை கலந்த திரவம் நுண்துளிப் படலமாக மாறுகிறது. புகையிலை இங்கு எரிவதில்லை. ஆதலால் கரியும் தாரும் இல்லை; ஆயினும் பழக்கத்தை உண்டாக்கும் நிக்கோட்டின் இருக்கிறது. பழ மணமும் இனிப்பும் சேர்வதால் முதல் இழுப்பிலேயே தொண்டை கரகரத்து இளைஞனை எச்சரிக்கும் இயற்கைத் தடை நீங்கிவிடுகிறது.

முன்பணத்தின் கதை

உள்ளிழுத்த நிக்கோட்டின் சில நொடிகளில் மூளையை எட்டி, இன்ப உணர்வோடு தொடர்புடைய டோப்பமின் சுரப்பைத் தூண்டுகிறது. ஒருகணம் மனம் தெளிந்தது போலத் தோன்றும். ஆனால் இரத்தத்தில் நிக்கோட்டினின் அளவு ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். பழகிப்போன மூளை அப்போது அதனைக் கேட்கத் தொடங்குகிறது. அமைதியின்மை, எரிச்சல், கவனம் சிதறல், காரணமற்ற அச்சம் ஆகியவை தோன்றுகின்றன. இவை மனப்பதற்றத்தின் அறிகுறிகளோடு பெரிதும் ஒத்திருப்பதே இச்சிக்கலின் முடிச்சு. தேர்வை எண்ணித் தோன்றிய கலக்கம் எது, நிக்கோட்டின் குறைந்ததால் தோன்றிய கலக்கம் எது என்று பயன்படுத்துபவனால் பிரித்தறிய முடிவதில்லை. மீண்டும் ஓர் இழுப்பு. மீண்டும் ஓர் ஆறுதல். நோயைத் தந்ததே மருந்தாகவும் மதிக்கப்படுகிறது.

பொருளாதாரம் பயில்வோருக்கு இது புதிய கதையன்று. தென்னிந்திய மலைத்தோட்டங்களில் ஒரு காலத்தில் நிலவிய கங்காணி முறையை நினைவுகூரலாம். ஊரில் வறுமையில் வாடிய குடும்பத்துக்குக் கங்காணி முன்பணம் தந்து மலைக்கு அழைத்து வந்தார். அன்றைய பசிக்கு அது உதவியதும் உண்மை. பின்னர் அந்தக் கடன் கூலியிலிருந்து பிடிக்கப்பட்டது; கூலி போதாததால் மீண்டும் முன்பணம் வாங்க நேர்ந்தது. இடர் வந்தபோதெல்லாம் கைகொடுத்தவர் கங்காணியே என்று தொழிலாளி நம்பினார். இடரின் பெரும்பகுதி அந்தக் கடனால் விளைந்தது என்பது அவருக்குப் புலப்பட நெடுநாள் ஆயிற்று. நிக்கோட்டின் தரும் அமைதியும் இத்தகைய முன்பணமே. அடுத்த சில மணி நேரத்தின் அமைதி இப்போதே கடனாகப் பெறப்படுகிறது. வட்டியோ நாள்தோறும் ஏறுகிறது.

இக்கூற்றுக்குச் சான்றும் உண்டு. புகைப்பழக்கத்தை விட்டவர்களின் மனநிலை குறித்த 26 ஆய்வுகளைத் தொகுத்த கட்டுரை ஒன்று 2014ஆம் ஆண்டில் பிரிட்டனின் 'பி.எம்.ஜே.' மருத்துவ இதழில் வெளிவந்தது. தொடர்ந்து புகைத்தோரை விட, விட்டவர்களிடம் பதற்றமும் சோர்வும் குறைந்திருந்தன என்பது அதன் முடிவு. விட்டால் பதற்றம் கூடும் என்ற அச்சம் முதல் சில நாட்களுக்கு மட்டும் பொருந்தும். மூன்றாம் நாள் அளவில் உச்சத்தை எட்டும் அவ்வேட்கை, இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெரும்பாலும் தணிந்துவிடுகிறது.

மற்றொன்றையும் கருதுதல் வேண்டும். குழலை எடுப்பவன் அறையை விட்டு வெளியே வருகிறான். ஐந்து நிமிடம் வேலையை மறக்கிறான். மூச்சை ஆழமாக இழுத்து மெல்ல விடுகிறான். கிடைத்த ஆறுதலில் ஒரு பகுதி இந்த ஓய்வாலும் மூச்சாலும் வந்தது. அந்தப் பகுதிக்கு விலையில்லை. அதனைப் பெறக் குழலும் தேவையில்லை.

சட்டமும் அதன் எல்லையும்

பஞ்சாப், கர்நாடகம், கேரளம், தமிழ்நாடு முதலிய மாநிலங்கள் முதலில் தனித்தனியே தடை விதித்தன. பின்னர் 2019 செப்டம்பரில் மத்திய அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது; அவ்வாண்டு டிசம்பரில் அது மின்னணு சிகரெட் தடைச் சட்டமாக நிறைவேறியது. உற்பத்தி, இறக்குமதி, ஏற்றுமதி, போக்குவரத்து, விற்பனை, விநியோகம், விளம்பரம் ஆகிய அனைத்தும் குற்றங்களாகும். முதல் குற்றத்துக்கு ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மீண்டும் செய்தால் மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து இலட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. இருப்பு வைத்தலுக்குத் தனித் தண்டனை உண்டு.

பிற நாடுகளின் வழி வேறு. நெடுநாள் புகைப்பவர் சிகரெட்டை விடுவதற்கான கருவியாக இதனைப் பிரிட்டன் ஏற்கிறது. ஆயினும் இளைஞரிடையே பரவியதைக் கண்டு, ஒருமுறை பயன்படுத்தி எறியும் குழல்களை 2025 ஜூன் முதல் அந்நாடும் தடை செய்தது. ஆஸ்திரேலியா 2024 ஜூலை முதல் மருந்துக்கடைகளில் மட்டுமே விற்பனையை அனுமதிக்கிறது. அமெரிக்காவில் 2019ஆம் ஆண்டில் தோன்றிய கடும் நுரையீரல் பாதிப்பால் 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர் அல்லது உயிரிழந்தனர். இறந்தோர் 68 பேர். அதற்குப் பெரும்பாலும் காரணமாக இருந்தது கஞ்சாப் பொருள் கலந்த திரவத்தில் சேர்க்கப்பட்ட வைட்டமின் ஈ அசிட்டேட் என்பது பின்னர் தெரிந்தது. எரியும் சிகரெட்டைவிட இது தீங்கு குறைந்ததா என்ற விவாதம் புகைப்பவருக்கு உரியது. ஒருபோதும் புகைக்காத இளைஞனுக்கு அதனால் வரும் இலாபம் ஏதும் இல்லை.

தடை தேவையானதே. ஆனால் தடை அளிப்பைத் தடுக்கும், தேவையை அழிக்காது. மறைவாக வரும் பண்டத்தில் என்ன கலந்துள்ளது என்று அறிய வழியில்லை, விலையும் மிகுதி. இன்னும் கவலைக்குரியது, பயன்படுத்துபவனின் மௌனம். இச்சட்டத்தின் தண்டனைப் பிரிவுகள் வணிகத்தையும் இருப்பையும் நோக்கியவை. அதன் இலக்கு அடிமைப்பட்ட மாணவன் அல்லன். எனினும் பிடிபடுவோம் என்ற அச்சத்தால் அவன் ஆசிரியரிடமும் சொல்வதில்லை, மருத்துவரிடமும் சொல்வதில்லை. பழக்கத்தை மறைக்கும்போது, பழக்கத்துக்கு முன்பே இருந்த பதற்றமும் சேர்ந்து மறைந்துவிடுகிறது.

மறைந்து கிடக்கும் தேவை

கேரளமும் தமிழ்நாடும் உட்பட 12 மாநிலங்களில் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் நடத்திய 2015–16ஆம் ஆண்டின் தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் குறை இருப்பதைக் கண்டது. நோய்க்கேற்ப 70 முதல் 92 விழுக்காடு வரையினர் சிகிச்சை பெறவில்லை. இந்த இடைவெளியில்தான் குழல் நுழைகிறது. மருத்துவர் இல்லாத ஊரில் போலி மருந்து விற்பது எளிது.

எனினும் நம்பிக்கைக்கு இடம் உண்டு. பொது இடங்களில் புகைத்தலைத் தடை செய்து கேரள உயர் நீதிமன்றம் 1999ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. நாடு முழுமைக்குமான உச்ச நீதிமன்ற ஆணை 2001இல்தான் வந்தது. உலகப் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, கேரளத்தில் 2009–10இல் 21.4 விழுக்காடாக இருந்த புகையிலைப் பயன்பாடு 2016–17இல் 12.7 விழுக்காடாகக் குறைந்தது. அரிதில் பெற்ற இந்த ஆதாயத்தைப் புதிய வடிவில் வரும் நிக்கோட்டினிடம் இழந்துவிடலாகாது. புகையிலையால் விளையும் நோய்களாலும் இறப்புகளாலும் 2017–18ஆம் ஆண்டில் நாட்டுக்கு ஏற்பட்ட இழப்பு ஏறத்தாழ 1 இலட்சத்து 77 ஆயிரம் கோடி ரூபாய், அதாவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஒரு விழுக்காட்டுக்குச் சற்று மேல் என்பதையும் திட்டமிடுவோர் மறத்தல் ஆகாது.

செய்ய வேண்டுவன

அலுவலர்களுக்கு உரிய கடமை இரண்டு. கைப்பற்றும் அதிகாரத்தை விற்பவன் மீதும் கொண்டுவருபவன் மீதும் செலுத்துதல் முதலாவது. பிடிபட்ட மாணவனைத் தண்டனைக்கு அன்றி ஆலோசனைக்கு அனுப்பும் வழியை ஏற்படுத்துதல் இரண்டாவது. கல்வி நிறுவனத்தில் ஆலோசகரின் அறை, ஒழுங்கு நடவடிக்கைக்குரிய அறைக்கு அருகில் இருத்தல் கூடாது. அங்குச் சொல்வது வெளியே போகாது என்ற உறுதி மாணவனுக்கு வேண்டும்.

வசதிகள் இல்லாமல் இல்லை. மத்திய அரசின் டெலி-மானஸ் தொலைபேசிச் சேவை 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்டது. 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். புகையிலைப் பழக்கத்தை விட உதவும் தேசிய சேவையின் எண் 1800-112-356. கேரளத்தில் ஆர்த்ரம் இயக்கத்தின் கீழ்க் குடும்ப நல மையங்களில் மனச்சோர்வுக்கென 'ஆசுவாசம்' மருத்துவப் பிரிவுகள் ஏற்படுத்தப்பட்டன. நிக்கோட்டின் மாற்று மருந்துகள் 2022ஆம் ஆண்டின் தேசிய இன்றியமையா மருந்துப் பட்டியலில் இடம் பெற்றன. மருத்துவரின் அறிவுரையோடு அவற்றைப் பயன்படுத்தலாம்.

மாணவர்கள் செய்யத் தக்கதும் உண்டு. குழலைக் கையில் எடுக்கும் நேரத்தையும் அதற்கு முன் மனத்தில் ஓடிய எண்ணத்தையும் ஒரு வாரம் குறித்து வைத்தால், எந்தக் கலக்கம் வாழ்க்கையுடையது, எது நிக்கோட்டினுடையது என்பது தாளிலேயே தெரியும். வேட்கை எழும்போது பத்து நிமிடம் தள்ளிப்போடுதல், மூச்சை எண்ணி மெல்ல விடுதல், நண்பனோடு நடத்தல் ஆகியவை சிறியனவே. எனினும் பயன் தருவன. பதற்றம் உறக்கத்தையும் படிப்பையும் கெடுக்குமானால் மருத்துவரை நாடுதல் வேண்டும். அதில் இழுக்கு ஏதும் இல்லை. தோழனின் கையில் குழலைக் கண்டால், அவனைப் பழிக்குமுன் அவன் எதற்கு அஞ்சுகிறான் என்று கேட்பதே நட்பு.

முன்பணத்தின் பிடியிலிருந்து தோட்டத் தொழிலாளியை மீட்கக் கங்காணியை விலக்கினால் மட்டும் போதவில்லை. நியாயமான கூலியும் சட்டத்தின் பாதுகாப்பும் தேவைப்பட்டன. அதுபோல, குழலைப் பறித்தால் மட்டும் இளைஞனின் அச்சம் நீங்காது. அவன் அச்சத்தைக் கேட்கும் செவி ஒன்றும், உதவும் கை ஒன்றும் அருகில் இருத்தல் வேண்டும். அவற்றை அமைத்துத் தருவது அரசின் கடமை; தயங்காது அணுகுவது இளைஞரின் கடமை.