ஸ்கிக்கு ஒரு தரை, டிராக்குக்கு ஒரு தரை

டொராண்டோவில் இருந்துகொண்டு, "இந்த வின்டருக்கு ஒரு ஸ்னோமொபைல் வாங்கலாமா"ன்னு யோசிக்கிறவங்களுக்கான எபிசோட் இது. எந்த வண்டி, என்ன இன்ஜின்னு பேச நிறைய பேர் இருக்காங்க. அதை முஸ்கோகா வரைக்கும் இழுத்துட்டுப் போற டிரெய்லரோட தரையைப் பத்தி யாரும் பேசுறதில்லை. எனக்கோ காட்டுக்குள்ள ஓட்டுறதைவிட டிரெய்லர்ல ஏத்துற அந்த இருபது விநாடிதான் பயம்.

ஏன்னு சொல்றேன். வண்டிக்கு முன்னாடி ரெண்டு ஸ்கி. திரும்பும்போது பனியைக் கடிச்சுப் பிடிக்க, அதுக்கு அடியில் கார்பைடு பதிச்ச கம்பி இருக்கும். பின்னாடி சுமார் 15 அங்குல அகலத்துக்கு ரப்பர் டிராக். வெறும் பிளைவுட் மேல ஏத்தினா கார்பைடு மரத்தை உழுதுடும். அதே மரம் ஈரமா இருந்தா டிராக் வழுக்கும். அதாவது ஸ்கிக்கு வழுக்குற தரை வேணும், டிராக்குக்குப் பிடிக்கிற தரை வேணும். தலைகீழா அமைஞ்சா ஸ்கி சிக்கும், டிராக் சும்மா சுத்தும், ஓட்டுறவர் த்ராட்டிலை இன்னும் அழுத்துவார். திடீர்னு பிடி கிடைச்சா, 250 கிலோ வண்டி நேரா முன்னாடி நிக்கிற காரோட பின்கண்ணாடிக்குத்தான் பாயும்.

அதனால ரெண்டு தரை போடணும். முதல்ல உங்க வண்டியோட ரெண்டு ஸ்கிக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு அளங்க. இது மாடலுக்கு மாடல் மாறும், நண்பர் வண்டியோட அளவை நம்பாதீங்க. அந்த ரெண்டு கோட்டிலும், ராம்ப்போட அடியிலிருந்து டிரெய்லரோட முன்முனை வரைக்கும் வழவழப்பான பாலிஎத்திலீன் பட்டை. ஸ்க்ரூ தலை பட்டைக்குள்ள புதைஞ்சிருக்கணும், இல்லைன்னா கார்பைடு அதுல மாட்டும். ஓட்டையை நீளவாக்குல போடுங்க. ஏன்னா 8 அடிப் பட்டை, கோடைக்கும் கடுங்குளிருக்கும் நடுவுல ஒரு சென்டிமீட்டருக்கு மேலயே சுருங்கி விரியும்.

நடுவுல டிராக் போற பாதைக்குக் குறுக்குப் பட்டைகள். டிராக்குல ஆணி அடிச்சிருந்தா ரப்பர் மேட் வேண்டாம், கிழிஞ்சு தொங்கும்.

பிளைவுட் விஷயத்துல ஒரு எச்சரிக்கை. அலுமினிய டிரெய்லருக்கு, அழுகாம இருக்க மருந்தேத்தின மரத்தைப் போடாதீங்க. அந்த மருந்துல செம்பு இருக்கும். சாலையில் கொட்டுற உப்பும் ஈரமும் சேர்ந்தா அது அலுமினியத்தையே அரிக்கும். 19 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட் எடுத்து, ஓரங்களுக்கும் பெயின்ட் அடிங்க. ஓரத்துலதான் தண்ணி இறங்கும்.

ராம்ப் நீளத்துல கஞ்சத்தனம் கூடாது. தரை 50 சென்டிமீட்டர் உயரம்னா, 4 அடி ராம்ப் கிட்டத்தட்ட 25 டிகிரி சாய்வு. 8 அடின்னா 12 டிகிரிதான். சாய்வு அதிகமானா உச்சியில் ஸ்கி ரெண்டும் அந்தரத்துல நிக்கும். அந்த நொடியில ஹேண்டில்பாரைத் திருப்பி ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஏத்துறதுக்கு முன்னாடி டிரெய்லரைக் காரோட பூட்டியே ஆகணும். பூட்டலைன்னா, வண்டி பின்முனையில் ஏறின உடனே டிரெய்லரோட மூக்கு மேல தூக்கும். இன்ஜினை அணைக்கிற கயிறு உங்க உடம்புல மாட்டியிருக்கணும். முன்னாடி யாரும் நிக்கக் கூடாது, வீடியோ எடுக்கிறவங்களும்தான்.

ஏத்தின பிறகு ஸ்கிக்கு மேல குறுக்குக் கம்பியை இறுக்குங்க, பின்பக்கம் ஒரு ஸ்ட்ராப் போடுங்க. கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி மறுபடி இறுக்குங்க. வண்டிக்கு அடியில் அப்பியிருக்கிற பனி குலுங்கி விழுந்ததும் ஸ்ட்ராப் தளர்ந்துடும்.