ஆண்டின் சிறந்த வீரர் யார்?

ஒரு பருவத்தில் ஆயிரக்கணக்கான மாணவர் மைதானத்தில் இறங்குகின்றனர். அவருள் ஒருவருக்கே ஆண்டின் சிறந்த வீரர் என்னும் முடி சூட்டப்படுகிறது. அம்முடி எவர் தலையில் ஏறும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட இயலுமா? இவ்வினா விளையாட்டுப் பிரியர்களின் பொழுதுபோக்கு மட்டுமன்று. ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் நயினாதீவிலும் பந்தெறியும் ஓர் ஏழைச் சிறுவனின் எதிர்காலமும் அதனுள் அடங்கியிருக்கிறது.

இத்தகைய ஆரூடத்தை ஒரு கலையாகவே வளர்த்தவர்கள் அமெரிக்கர். அந்நாட்டு உதைபந்தாட்டம் நாம் அறிந்த ஆட்டம் அன்று. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம் அது. பல்கலைக்கழக அணிகளில் ஆடுவோருள் தலைசிறந்தவருக்கு 1935ஆம் ஆண்டு தொடக்கம் நியூயோர்க் நகரில் ஒரு வெண்கலச் சிலை பரிசாக வழங்கப்பட்டு வருகிறது. ஹைஸ்மன் பரிசு என்பது அதன் பெயர். முதன்முதல் அதனைப் பெற்றவர் சிக்காகோப் பல்கலைக்கழகத்து ஜே பெர்வாங்கர். 1961இல் ஏர்னி டேவிஸ் அதனைப் பெற்றபோது, அச்சிறப்பை அடைந்த முதலாவது கறுப்பின வீரர் என்னும் பெருமையும் அவரைச் சேர்ந்தது.

தெரிவு முறை எளியது. வாக்காளர் ஒவ்வொருவரும் மூவரை வரிசைப்படுத்துவர். முதலிடத்திற்கு 3 புள்ளி, இரண்டாமிடத்திற்கு 2, மூன்றாமிடத்திற்கு 1. கூட்டுத்தொகை மிகுந்தவரே வெற்றியாளர். ஆதலின், பலருக்கு இரண்டாமவராகத் தோன்றும் ஒருவர், சிலருக்கு மட்டும் முதல்வராகத் தோன்றுபவரை முந்திவிடவும் கூடும். ஆரூடம் கூறுவோர் முதலில் மனங்கொள்ள வேண்டிய கணக்கு இது.

இரண்டாவது, பார்வை எங்கே விழுகிறது என்பது. ஆட்டத்தை நடத்திச் செல்லும் வீரர் மீதே மக்கள் கண்ணும் எழுத்தாளர் பேனாவும் செல்கின்றன. எதிரியைத் தடுத்து நிற்கும் காவல் வீரரை எவரும் எளிதில் நினைப்பதில்லை. பெரும்பாலும் காவல் நிலையில் ஆடிய ஒருவர் அப்பரிசைப் பெறுவதற்கு 1997 வரை, அதாவது 62 ஆண்டுகள், காத்திருக்க நேர்ந்தது. அவர் சார்ள்ஸ் வூட்சன். 2024இல் தாக்குதலிலும் காவலிலும் ஒருங்கே ஆடிய ட்ராவிஸ் ஹன்டர் அதனைப் பெற்றார். எனவே, திறமையை மட்டும் நிறுப்பவர் ஆரூடத்தில் பாதியையே அறிவார். நடுவரின் கண்ணையும் நிறுப்பவரே முழுதும் அறிவார்.

இலங்கையிலும் இதற்கு ஒப்பான ஒரு பரிசு உண்டு. ஒப்சேவர் பத்திரிகையின் ஆதரவில் ஆண்டின் சிறந்த பாடசாலைக் கிரிக்கெட் வீரர் தெரிவு செய்யப்படுகிறார். 1979இல் முதன்முதல் அதனைப் பெற்றவர் றஞ்சன் மடுகல்ல. 1991இல் அது கண்டி புனித அந்தோனியார் கல்லூரி மாணவர் ஒருவருக்குக் கிடைத்தது. அவர்தாம் முத்தையா முரளிதரன். கல்லூரியின் கடைசி இரு பருவங்களில் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுக்களை வீழ்த்திய அவர், 2010இல் ஓய்வுபெற்றபோது டெஸ்ட் ஆட்டங்களில் 800 விக்கெட்டுக்கள் என்னும் எல்லையைத் தொட்டிருந்தார். அவரைப் பொறுத்தவரை ஆரூடம் பொய்க்கவில்லை.

ஆனால், தீவகத்து மாணவனின் பெயர் இவ்வரிசையில் எழுவது எங்ஙனம்? கிரிக்கெட் பருவமும் வாடைக் காற்றும் மழையும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வருகின்றன. நெடுந்தீவு மாணவர் யாழ்ப்பாணத்தில் ஆட வேண்டுமாயின், குறிகட்டுவான் வரை கடலிலே ஏறத்தாழ ஒரு மணிநேரம். அதன்பின் புங்குடுதீவு, வேலணை, பண்ணைத் தாம்போதி எனத் தரைவழிப் பயணம். கடல் கொந்தளித்துப் படகு நின்றால் ஆட்டமும் நின்றது. ஆட்டங்கள் குறைந்தால் எண்ணிக்கை குறையும். எண்ணிக்கை குறைந்தால் பெயர் பத்திரிகைக்கு எட்டாது. பத்து ஆட்டங்களில் ஐம்பது விக்கெட் எடுத்தவனையும் நான்கு ஆட்டங்களில் இருபத்தைந்து எடுத்தவனையும் மொத்தத் தொகை கொண்டு ஒப்பிடுவது நீதியாகுமா? பின்னவனே ஆட்டத்திற்கு ஆட்டம் கூடுதலாகச் சாதித்தவன் அல்லனோ?

வடபுலத்தில் திறமைக்குப் பஞ்சமில்லை என்பதற்கு அண்மைக்காலச் சான்று ஒன்றுண்டு. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் பயின்ற விஜயகாந்த் வியாஸ்காந்த், 2020 டிசம்பரில், பத்தொன்பது வயது நிறையும் தறுவாயில், லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாண அணிக்காக ஆடினார். முதல் ஆட்டத்திலேயே அவர் வீழ்த்தியது தேசிய அணியின் முன்னாள் தலைவர் அஞ்சலோ மத்தியூசை. 2024இல் இந்தியன் பிரீமியர் லீக்கிலும் ஹைதராபாத் அணிக்காக அவர் பந்து வீசினார். யாழ்ப்பாணத்துப் பையனின் திறமையை நாடு கண்டுகொண்ட அந்த முதல் ஆட்டம் நடைபெற்ற இடமோ தென்கோடியிலுள்ள அம்பாந்தோட்டை!

இக்குறையைப் போக்க வழி இல்லாமலில்லை. ஹைஸ்மன் பரிசுக்கான பத்திரிகை வாக்காளர் 870 பேரை, நாட்டின் ஆறு பகுதிகளுக்கும் 145 பேர் வீதம் சமமாகப் பங்கிட்டிருக்கின்றனர். பெருநகரின் குரல் மற்றைய குரல்களை அமிழ்த்திவிடக் கூடாது என்னும் நோக்கிற்கு அது துணை செய்கிறது. அதுபோல இங்கும் ஒவ்வொரு மாகாணத்துக்கும் சமமான கண்கள் வேண்டும். மொத்தத் தொகையோடு ஆட்டவீதச் சராசரியும் எதிரணியின் வலிமையும் கணக்கில் சேர வேண்டும்.

தீவகப் பாடசாலைகளுக்கும் ஒரு கடமை உண்டு. ஒவ்வோர் ஆட்டத்தின் ஓட்டப் பதிவேட்டையும் பிழையின்றி எழுதிப் பாதுகாத்தல் வேண்டும். முடிவை அன்றன்றே பத்திரிகைகளுக்கு அறிவித்தல் வேண்டும். எழுதப்படாத விக்கெட்டை எந்த நடுவரும் எண்ணமாட்டார்.

அடுத்த ஆண்டின் சிறந்த வீரர் யார் என்று கணிப்பவர்கள் கொழும்பு, கண்டி, காலி என்று தேடுவது இயல்பே. அத்தேடல் பண்ணைத் தாம்போதியையும் கடந்து, குறிகட்டுவானில் ஒரு படகேறிச் செல்லுமாயின், பட்டியல் சற்று நீளும்; தீர்ப்பும் நேர்மையானதாக அமையும்.